ஒரே பேரல் ஆயில் எல்லா லாரிக்கும் ஆகுமா?

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று சொல்வார்கள். படி ஏறிப் போகிறவர்கள் ஒரு பக்கம். வண்டியில் மலை ஏறுகிறவர்கள் ஒரு பக்கம்.

மலைக்குக் கீழே வேறொரு கூட்டம். அது வண்டிக் கூட்டம். சென்னையில் இருந்து திருப்பதிக்குப் போகும் பெரிய ரோடு திருத்தணியை ஒட்டித்தான் போகிறது. கொஞ்ச தூரம் வடக்கே போனால் ஆந்திரா. நகரி, புத்தூர் என்று வரிசையாக ஊர்கள் வரும்.

இரவு, பகல் எந்த நேரமும் லாரிதான். கல்லும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொண்டு போகும் வண்டிகள். மண் தோண்டும் யந்திரங்கள். எல்லாம் டீசலில் ஓடுபவை.

ஒரு லாரி ஓடினால் குறைந்தது மூன்று வீட்டில் அடுப்பு எரியும். முதலாளி வீடு ஒன்று. டிரைவர் வீடு ஒன்று. கிளீனர் வீடு ஒன்று. லாரி படுத்தால் மூன்று வீட்டுக்கும் கஷ்டம்.

லாரி படுக்காமல் இருக்க முதல் தேவை, நல்ல என்ஜின் ஆயில். அதை வாங்குவதில்தான் இப்போது ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது.

பழைய வழக்கம்

இரண்டு, மூன்று லாரி வைத்திருப்பவர்கள் ஆயிலை மொத்தமாகப் பேரலில் வாங்குவார்கள். எல்லா லாரிக்கும் அதையே ஊற்றுவார்கள். டிராக்டர் இருந்தால் அதற்கும் அதுதான்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து லாரிகள் அதை ஏற்றுக்கொண்டன. பல ஆண்டுகள் நன்றாகவும் ஓடின.

ஆனால் இப்போது அந்த வழக்கம் செல்லாது. ஏன்?

ஆயில் என்ன செய்கிறது?

என்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசுகிறது. ஆயில் நடுவே புகுந்து உரசாமல் காக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும்.

ஆயிலுக்கு வேறு வேலைகளும் உண்டு. அது சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. கரியைக் கழுவித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. டீசல் எரியும்போது உண்டாகும் அமிலத்தை அடக்குகிறது.

சென்னை மணலியில் 1969-ம் ஆண்டு முதல் ஒரு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடக்கிறது. கச்சா எண்ணெயில் இருந்து பெட்ரோல், டீசல் மட்டும் அல்ல. என்ஜின் ஆயிலுக்கு வேண்டிய மூல எண்ணெயையும் அங்கே எடுக்கிறார்கள். இந்த மூல எண்ணெயோடு பலவகை மருந்துச் சரக்குகளைக் கலந்தால்தான் அது என்ஜின் ஆயில்.

மூல எண்ணெய் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கலக்கும் மருந்து வேறு, வேறு. சிக்கல் அந்த மருந்தில்தான் இருக்கிறது.

டீசல் மாறியது

டீசலில் கந்தகம் உண்டு. கந்தகம் எரிந்தால் அமிலம் உண்டாகும். அமிலம் இரும்பை அரிக்கும். அதை அடக்க ஆயிலில் கார மருந்தை நிறையக் கலந்தார்கள்.

சர்க்கார் கந்தகத்தைப் படிப்படியாகக் குறைத்தது. 2010-ம் ஆண்டில் வந்த "பாரத் 3" விதிப்படி, டீசலின் பத்து லட்சம் பங்கில் 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2017-ல் "பாரத் 4" நாடு முழுவதும் வந்தது. அப்போது அளவு 50 ஆயிற்று. 2020 ஏப்ரல் 1-ந் தேதி "பாரத் 6" வந்தது. இப்போது அளவு 10-தான்!

திருத்தணிக்காரர்களுக்கு ஏப்ரல் 1-ந் தேதி புதியது அல்ல. ஆந்திராவில் இருந்த திருத்தணி, அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான். அன்று எல்லைக் கோடு மாறியது. 2020-ல் வந்த மாற்றத்துக்கு எல்லைக் கோடே கிடையாது. நகரியில் டீசல் போட்டாலும், திருத்தணியில் போட்டாலும் கந்தகத்தின் அளவு ஒன்றுதான்.

டீசலோடு லாரியும் மாறியது. புதிய லாரிகளின் புகைக் குழாயில் ஒரு சல்லடை இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்துக்கொள்கிறது. "டி.பி.எப்." என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

கரி வேறு, சாம்பல் வேறு

வீட்டு அடுப்பை நினைத்துப் பாருங்கள். அணைந்த கரியை மறுபடி அடுப்பில் போட்டால் எரியும். சாம்பலைப் போட்டால் எரியுமா? எத்தனை தடவை போட்டாலும் எரியாது.

லாரியின் சல்லடையிலும் இதே கதைதான். சேர்ந்த கரியை லாரி தானாகவே சூடேற்றி எரித்துவிடும். சாம்பலை எரிக்க முடியாது. அது அங்கேயே தங்கும்.

சாம்பல் எங்கே இருந்து வருகிறது? ஆயிலில் இருந்து வருகிறது. ஓடும்போது கொஞ்சம் ஆயில் எரியத்தான் செய்யும். முன் சொன்ன கார மருந்து எரிந்தால் சாம்பல் ஆகிறது.

பழைய லாரியில் அந்தச் சாம்பல் புகையோடு வெளியே போய்விட்டது. புதிய லாரியில் சல்லடையில் மாட்டிக்கொள்கிறது. பழைய வகை ஆயிலை ஊற்றினால் சல்லடை சீக்கிரம் அடைத்துப்போகும். லாரி இழுக்காது. டீசல் அதிகம் குடிக்கும். கடைசியில் சல்லடையைக் கழற்ற வேண்டும். அல்லது மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஆயிலில் மிச்சம் பிடித்த காசைப் போல் பல மடங்கு.

2020-ல் புதிதாக விற்ற லாரிகள் இன்று இரண்டாம் கையாகச் சிறிய முதலாளிகளிடம் வருகின்றன. கம்பெனி உத்தரவாதம் முடிந்த வண்டிகள் அவை. அதை வாங்கியவர் பழைய பேரலையே திறந்தால் நஷ்டம் முழுவதும் அவர் தலையில்தான்.

எழுத்தைப் பாருங்கள்

டின்னின் மேல் பெரிதாக இருப்பது கம்பெனிப் பெயர். அதைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. சிறிய எழுத்தில் "ஏ.பி.ஐ." என்று இருக்கும். அதை அடுத்து வரும் எழுத்துதான் முக்கியம்.

அது "சி" என்று ஆரம்பித்தால் டீசல் என்ஜினுக்கு உரியது. "எஸ்" என்று ஆரம்பித்தால் பெட்ரோல் என்ஜினுக்கு உரியது. இரண்டாவது எழுத்து, ஆயில் எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லும்.

சி.எச்.-4 என்பது 1998-ல் வந்தது. சி.ஐ.-4 என்பது 2002-ல் வந்தது. சி.கே.-4 என்பது 2016 டிசம்பரில் வந்தது. சி.கே.-4 ஆயிலில் சாம்பல் 100-க்கு 1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. "பாரத் 6" லாரிகள் பலவற்றுக்கு இந்த வகையையோ, லாரிக் கம்பெனி தனியாகக் குறிப்பிடும் வகையையோதான் ஊற்ற வேண்டும்.

"15 டபிள்யூ-40" என்பது வேறு கணக்கு. அது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. முதல் எண் ஆறிய நிலைக்கு. இரண்டாவது எண் சூடான நிலைக்கு. திருத்தணியில் பனி கொட்டுவது இல்லையே, முதல் எண் எதற்கு என்று கேட்கலாம். விடியற்காலையில் என்ஜினைக் கிளப்பும் அந்தச் சில விநாடிகளில்தான் தேய்மானம் அதிகம். ஆயில் சட்டென்று மேலே ஏற வேண்டும். அதற்குத்தான் அந்த எண்.

ஆக, எண் ஒன்றாக இருந்தால் போதாது. எழுத்தும் சரியாக இருக்க வேண்டும்.

பழைய லாரிக்கு என்ன செய்வது?

சி.ஐ.-4 கேட்கும் பழைய லாரிக்கு சி.கே.-4 ஊற்றலாம். கெடுதல் இல்லை. சி.கே.-4 கேட்கும் புதிய லாரிக்கு சி.ஐ.-4 ஊற்றக் கூடாது. ஒரு பழைய லாரியும் ஒரு புதிய லாரியும் வைத்திருப்பவர் இரண்டுக்கும் சி.கே.-4 வாங்குவது நல்லது. விலை கூடத்தான். ஆனால் அவசரத்தில் ஆயில் மாறிப் போகும் ஆபத்து இல்லை.

எல்லாம் பழைய லாரிகளாக இருந்தால், புதிய வகைக்கு அதிகக் காசு கொடுக்க வேண்டியது இல்லை.

மண் தோண்டும் யந்திரத்துக்கும் இதே கவனம் தேவை. சக்கரம் வைத்த கட்டுமான யந்திரங்களுக்கு 2021 ஏப்ரலிலும், 50 குதிரை சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலும் புதிய புகை விதி வந்துவிட்டது. இவற்றுக்குக் கிலோ மீட்டர் கணக்கு உதவாது. ஓடிய மணிக் கணக்கைப் பார்த்துத்தான் ஆயில் மாற்ற வேண்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்கும் பஸ்சுக்கும் இது பொருந்தும். சக்கரம் உருளாவிட்டாலும் என்ஜின் ஓடுகிறது அல்லவா?

ஆயில் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். கரியைச் சுமக்கும் ஆயில் கறுக்கத்தான் செய்யும். பால் கலந்த காபி போல் வெளுத்தால்தான் ஆபத்து. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

காலி டின்னும் கழிவு ஆயிலும்

காலி டின்னை அப்படியே விற்கக் கூடாது. போலி ஆயில் விற்பவனுக்கு அது தங்கம். ஓட்டை போட்ட பிறகே பழைய சாமான் கடைக்குப் போட வேண்டும்.

வடித்த ஆயிலை மண்ணில் கொட்டினால் கிணறு கெடும். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும்.

யார் பொறுப்பு?

விதி டெல்லியில் வந்தது. லாரி தொழிற்சாலையில் மாறியது. ஆனால் ஆயிலை ஊற்றுகிறவர் பட்டறைப் பையனும், கிளீனரும். டின்னில் உள்ள ஆங்கில எழுத்து அவர்களுக்குப் புரியாமல் இருந்தால் அது அவர்கள் குற்றம் அல்ல. டின்னிலும் வண்டியிலும் தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக எழுதிவைப்பது கம்பெனிகளின் கடமை.

அதுவரை முதலாளிகள் ஒன்று செய்யலாம். லாரியின் நெற்றியில் "முருகன் துணை" என்று எழுத பெயிண்டர் வருவார் அல்லவா? அவரிடம் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் "சி.கே.-4 மட்டும்" என்றும் எழுதச் சொல்லலாம்.

அதற்கு ஆகும் செலவு ஒரு தூரிகைப் பெயிண்டு. காப்பாற்றுவது மூன்று வீட்டு அடுப்பு.