தமிழ் கற்ற பிள்ளைக்கு இத்தாலி மொழி தூரமில்லை

பெற்றோர்களே, மேற்படிப்புக்குப் போன பிள்ளைகளைப் பற்றி இம்முறை கொஞ்சம் பேசுவோம்.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளை வீட்டுக்குப் போன் செய்கிறது. "அம்மா, இந்தத் தவணையில் இத்தாலிய மொழியை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன்" என்கிறது. உடனே வீட்டில் என்ன கேட்கிறோம்? "அது எந்த ஊர் பாஷை? அதைப் படித்து யாரிடம் பேசப் போகிறாய்? இதற்காகவா நானும் அப்பாவும் விடியுமுன்னே பெரட்டுக்கு ஓடினோம்?"

கேட்பதில் தவறில்லை. உழைத்த கை கணக்குக் கேட்கத்தான் செய்யும். கணக்கையே பார்ப்போம். ஒரு தவணைப் பாடத்தால் வேலை கிடைத்துவிடாது. வணக்கம் சொல்லவும், பெயரும் ஊரும் சொல்லவும், குடும்பத்தைப் பற்றி நாலு வரி பேசவும், கடையில் விலை கேட்கவும் வரும். அவ்வளவுதான்.

ஆனால் வேறொரு லாபம் உண்டு. தோட்டத்துப் பிள்ளை பட்டணத்துப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்காரும்போது, "இவர்களுக்கு எல்லாம் தெரியும், நான் லயத்திலிருந்து வந்தவன்" என்று உள்ளுக்குள் ஒடுங்கிப் போகிறது. வாயைத் திறக்கவே கூசுகிறது. அப்படி ஒடுங்கத் தேவையில்லை என்பதை இந்தப் பாடமே காட்டிக் கொடுக்கும். எப்படி என்று கேளுங்கள்.

இத்தாலிய மொழியில் 'பார்லோ' என்றால் 'பேசுகிறேன்'. 'பார்லி' என்றால் 'பேசுகிறாய்'. 'பார்லியாமோ' என்றால் 'பேசுகிறோம்'. நான், நீ, நாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லின் வால் பகுதியே ஆளைக் காட்டிவிடும். நம் தமிழும் இப்படித்தானே? 'வந்தேன்' என்றால் வந்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தையும் மலாயையும் மட்டும் அறிந்த மாணவர் இந்த விகுதிகளைப் பார்த்துத் திகைப்பார். பள்ளியிலேயே தன்மை, முன்னிலை, படர்க்கை சொன்ன நம் பிள்ளைக்கு இது பழகிய பாதை.

இன்னொன்று, ஒற்று. இத்தாலிய மொழியில் 'நோனோ' என்றால் ஒன்பதாவது; 'நொன்னோ' என்றால் தாத்தா. ஒற்றை அழுத்தாவிட்டால் தாத்தா ஒன்பதாவது ஆகிவிடுவார்! புளிக்கும் புள்ளிக்கும் வேறுபாடு அறிந்த காதுக்கு இது ஒரு சிரமமா?

மரியாதையும் உண்டு. நண்பனிடம் 'தூ', பெரியவரிடம் 'லேய்'. நீ என்பதும் நீங்கள் என்பதும் போலத்தான். யாரிடம் எதைச் சொல்வது என்று நம் பிள்ளைக்குப் புத்தகம் பார்த்தா தெரிய வேண்டும்?

தேசிய மொழியும் கை கொடுக்கிறது. மலாயில் 'ரூமா மேரா' என்று வீட்டை முன்னும் சிவப்பைப் பின்னும் சொல்கிறோம். இத்தாலியரும் 'காசா ரோஸ்ஸா' என்று அதே வரிசையில்தான் சொல்கிறார்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியரின் மொழி இத்தாலிய மொழிக்கு உடன்பிறப்பு. இரண்டும் லத்தீனின் பிள்ளைகள். அவர்கள் மொழியிலிருந்துதான் மலாய்க்கு 'செக்கோலா' வந்தது. தமிழுக்குச் 'சாவி' வந்தது. இத்தாலிய மொழியில் பள்ளிக்கூடம் 'ஸ்குவோலா', சாவி 'கியாவே'. பழைய உறவுக்காரரை ரயிலில் சந்தித்தது போல இருக்கிறதல்லவா?

எல்லாம் சுலபம் என்று சொல்லிப் பிள்ளையை ஏமாற்றக் கூடாது. அந்த மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. புத்தகம் ஆண், வீடு பெண். சூரியன் ஆண், நிலா பெண். நாம் புத்தகத்தையும் வீட்டையும் அஃறிணையில் சேர்த்து ஒரே சொல்லில் 'அது' என்று முடித்துவிடுவோம். இதை ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்து மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். வாய்ப்பாடு படித்த மாதிரி, சத்தம் போட்டுப் படிக்க வேண்டும்.

முடியுமா என்று தயங்குகிற பிள்ளைக்கு வீரமாமுனிவரைச் சொல்லுங்கள். 1680இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, முப்பது வயதை ஒட்டித்தான் தமிழ் மண்ணுக்கு வந்தார். அகர வரிசையிலிருந்து தொடங்கியவர் 3,615 பாடல்கள் கொண்ட 'தேம்பாவணி'யைப் பாடினார். 1732இல் 'சதுரகராதி'யைத் தொகுத்தார். எகர, ஏகாரத்தையும் ஒகர, ஓகாரத்தையும் இன்று நாம் பிரித்து எழுதும் முறைக்கும் அவர் பெயரையே சொல்கிறோம். புதிதாகத் தமிழ் படிக்க வருகிறவர்களுக்காகப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை லத்தீன் மொழியில் எழுதினார். தாம் பட்ட சிரமம் அடுத்தவருக்கு வேண்டாம் என்று நினைத்த மனம் அது. ஓர் இத்தாலியர் நம் மொழிக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தார். நம் பிள்ளை அவர் மொழிக்கு நாலு அடி நடக்கக் கூடாதா?

மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் இத்தாலிய மொழியும் தமிழும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அங்கே தமிழ் ஒரு ஓரத்து மொழியல்ல என்பதைப் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். "தமிழ் சுமை, எஸ்.பி.எம். தேர்வில் அதை விட்டுவிடு" என்று இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கம் தோட்டம் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. லயத்தை விட்டு வரும்போது எத்தனையோ சாமான்களைப் போட்டுவிட்டு வந்தோம். மொழியையும் சேர்த்துப் போட்டுவிட வேண்டாம். விகுதியும் ஒற்றும் திணையும் தெரிந்த பிள்ளை எந்த மொழி வகுப்பிலும் வெறுங்கையோடு உட்காருவதில்லை.

ஆகவே, பிள்ளை விடுமுறைக்கு வந்து 'பார்லோ, பார்லி' என்று முணுமுணுத்தால் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "அதற்குத் தமிழில் என்ன?" என்று கேளுங்கள். பாட்டியையும் கேட்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு அந்த மொழியில் 'நொன்னா' என்று பெயர். ஒற்றை நன்றாக அழுத்திச் சொல்ல வேண்டும்!