படுக்கையைச் சுமக்கும் நால்வர்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் நம் ஆலயங்களில் ஒரு காட்சி அரங்கேறுகிறது. லூர்து அன்னையின் திருநாளை உலக நோயாளர் தினமாகக் கொண்டாட வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் அறிவித்தார். 1993 முதல் நாமும் கொண்டாடி வருகிறோம். சிறப்புத் திருப்பலி நடைபெறுகிறது. எண்ணெய் பூசுகிறோம். பூசை முடிந்ததும் ஒரு ரொட்டிப் பொட்டலம், ஒரு சாத்துக்குடி, ஒரு புகைப்படம். வந்தவர்கள் மனநிறைவோடு வீடு திரும்புகிறார்கள். நாமும் மனநிறைவு அடைகிறோம். இக்கொண்டாட்டத்தில் ஒரு குறை உண்டு என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. நோயாளர் தினத்திற்கு வருகிறவர்கள் வரக்கூடியவர்கள் மட்டுமே. வர இயலாதவர்கள் ஆலயத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு சுவருக்குப் பின்னால், படுத்த இடத்திலேயே கிடக்கிறார்கள்.

அத்தகைய ஒரு சுவருக்குப் பின்னால் நான் நுழைந்தது ஓரிக்கையில். பாலாற்றங்கரையை ஒட்டிய ஊர். பட்டுத்தறியின் ஓசை இன்னும் முற்றாக ஓய்ந்துவிடாத ஊர். அந்த வீட்டில் தறி நின்று ஆண்டுகள் ஆகின்றன. நெய்தவர் இறந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதுத் தாயும், பிறவியிலேயே மூளை முடக்குவாதம் கண்ட இருபத்தாறு வயது மகனும் இருக்கிறார்கள். மகனைத் தூக்கி உட்கார வைப்பதும், ஊட்டுவதும், கழுவுவதும், இரவில் இரண்டு முறை புரட்டிப் படுக்க வைப்பதும் அத்தாய் ஒருவரே. பதினோரு ஆண்டுகளாக அவர் ஞாயிறு பூசைக்கு வந்ததில்லை. வீட்டை விட்டு இரண்டு மணி நேரம் நகர அவருக்கு ஆள் கிடையாது.

இங்கே என் பிழையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த நான், ஒரு செப்டம்பரில், வியாகுல அன்னையின் திருநாள் மறையுரையில், சிலுவையடியில் நின்ற மரியாவின் சாயலாக அத்தாயை எடுத்துக்காட்டினேன். மறையுரை நன்றாக இருந்ததாகப் பலர் கூறினர். சில நாள் கழித்து நன்மை வழங்க அவ்வீட்டுக்குச் சென்றபோது அவர் சொன்னார்: "என்னைப் பத்திக் கோயில்ல பேசுனீங்களாமே சாமி, சந்தோசம். ஆனா நான் செத்துட்டா இவனுக்கு யாரு?"

குருமடத்தில் நான்கு ஆண்டு இறையியல் படித்தவன் நான். துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றி 1984இல் வெளிவந்த திருத்தந்தையின் மடலைத் தேர்வுக்காகவே இருமுறை வாசித்தவன். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சற்றுத் தடுமாறி, "அரசாங்கத்தில் உதவித்தொகை வாங்குகிறீர்களா அம்மா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அடையாள அட்டையாவது? அதுவும் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் எங்கள் பங்கில் எத்தனை தேர்த்திருவிழா, எத்தனை வாணவேடிக்கை, எத்தனை ஒலிபெருக்கி! ஒருவரும் அந்தப் பையனுக்காக ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பவில்லை.

ஏன் வாங்கவில்லை என்று கேட்டபோது கிடைத்த விடை நம் எல்லோரையும் நாண வைக்க வேண்டும். கணவர் உயிரோடிருந்தவரை, "நம்ம புள்ளைக்கு நாமளே ஊனம்னு முத்திரை குத்தணுமா" என்று மறுத்துவிட்டாராம். அவர் போன பிறகு விண்ணப்பிக்க நினைத்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவரே, கடவுள் கொடுத்த பிள்ளையைக் காட்டிப் பணம் வாங்குவது பாவம் என்று அறிவுரை கூறியிருக்கிறார். இந்த எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. உதவித்தொகை என்றால் பிச்சை என்றும், பிச்சை என்றால் இழிவு என்றும், இழிவைப் பொறுத்துக்கொள்வதே புண்ணியம் என்றும் நம் மக்கள் கருதுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்கிறது. அதன் பெயரிலேயே 'உரிமைகள்' என்ற சொல் இருக்கிறது. நாற்பது விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு இருப்பதாக அரசு மருத்துவர் சான்றளித்தால் அதன் பலன்கள் பலவற்றுக்கும் ஒருவர் உரியவராகிறார். அதன் 24ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோரைப் பராமரிப்பவர்க்கான படியையும் அரசு வகுக்க வேண்டிய திட்டங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. 38ஆம் பிரிவை ஒவ்வொரு பங்குப் பேரவையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். அன்றாடச் செயல்களுக்கே பிறர் உதவி மிகுதியாகத் தேவைப்படும் ஒருவர் அவ்வுதவி கோரி அரசுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது அது. அவர் சார்பில் வேறு எவரும், எந்த அமைப்பும் விண்ணப்பிக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. எந்த அமைப்பும்! வின்சென்ட் தே பவுல் சபை ஓர் அமைப்பு அல்லவா? மரியாயின் சேனை? நம் அன்பியங்கள்? சட்டம் நமக்காகத் திறந்து வைத்த கதவின் முன் நின்றுகொண்டு, எங்கே புகுவது என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தொகை பெரிதா என்றால், இல்லை. நடுவண் அரசின் பங்கைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, எண்பது விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்புள்ள ஒருவருக்கு 2012இல் மாதம் 300 ரூபாய் என நிர்ணயித்தார்கள். 2025ஆம் ஆண்டிலும் அது 300தான். தமிழ்நாடு அரசு அந்த மட்டில் மேலானது. கடும் பாதிப்புள்ளோர்க்கான பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. அவர்களுள் மிகுந்த உதவி தேவைப்படுவோர்க்கு உதவியாளர் படியாக 1,000 ரூபாய் தரும் திட்டமும் வந்தது. இருபத்து நான்கு மணி நேரப் பணிவிடைக்கு 1,000 ரூபாய் கூலியாகுமா? ஆகாது. ஆயினும் அப்பணிவிடை ஒரு பணி என்று அரசே ஒப்புக்கொண்ட முதற்படி அது. தாயின் உழைப்பைத் தியாகம் என்று மட்டுமே புகழ்ந்து பழகிய நம் மேடைகள் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.

விண்ணப்பித்த கதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தனித்துவ அடையாள அட்டைக்கு ஆதார் வேண்டும். பையனின் ஆதார் சிறு வயதில் எடுத்தது, விரல்ரேகையைப் புதுப்பிக்கவில்லை. மடங்கி இறுகிய அவன் விரல்களைக் கருவியில் வைத்து அழுத்தியபோது அவன் அலறினான். ரேகை பதியவில்லை. விரல்ரேகை பதிக்க இயலாதோர்க்கு விதிவிலக்கு உண்டு என்பது அங்கிருந்த பணியாளருக்குத் தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இன்னொரு நாள் என்றால் இன்னோர் ஆட்டோ, அவனைத் தூக்க இன்னும் இரண்டு ஆள். மருத்துவச் சான்றுக்குப் போன இடத்தில் உரிய மருத்துவர் விடுப்பு. ஓர் அலுவலகத்தில் படிக்கட்டின் கீழேயே வெயிலில் காத்திருந்தோம். எவரையும் பழிக்க இதை எழுதவில்லை. அந்த மேசைகளுக்குப் பின்னால் இருந்தவர்களுள் நல்லவர்களும் இருந்தார்கள். வெள்ளை அங்கி அணிந்த ஒருவன் உடன் சென்றும் ஐந்து முறை அலைய வேண்டியிருந்தது. ஆளில்லாத ஒரு தாய் எத்தனை முறை அலைவார்? இரண்டாம் முறையே விட்டுவிடுவார். எண்ணிம வழிச் சேவைகளை உடற்குறை உள்ளோரும் எட்டும்படி அமைப்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. கருவி நம் தெருமுனையில் இருக்கிறது.

யோவான் நற்செய்தியில் பெத்சதா குளத்தருகே கிடந்த, முப்பத்தெட்டு ஆண்டுகளாய் நோயுற்றிருந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். குணமாக விருப்பமா என்று ஆண்டவர் கேட்டபோது, அவன் தன் நோயைப் பற்றி முறையிடவில்லை. நீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆளில்லை என்றான். தான் நகர்வதற்குள் வேறொருவர் முந்திவிடுவதாகச் சொன்னான். அரசு அலுவலகத்து வரிசையை அறிந்தவர்களுக்கு அவன் பேச்சு நன்றாகப் புரியும். மாற்கு நற்செய்தியிலோ ஒரு முடக்குவாதக்காரனுக்கு நால்வர் கிடைத்தார்கள். கூட்டம் வழிவிடவில்லை, கூரையைப் பிரித்தார்கள். ஆண்டவர் அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்றே மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் ஒரு சொல்லும் பேசியதாகத் தெரியவில்லை. அந்த நால்வரும் அன்று வேலைக்குப் போயிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

சில மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். ஆலயம் அரசு அலுவலகத்தின் இடைத்தரகர் ஆகிவிடக்கூடாது என்கிறார் ஒருவர். தரகர் காசு வாங்குகிறவர். நாம் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறவர்கள். பங்குத்தந்தை ஏழைகளையும் துன்புறுவோரையும் தனித்திருப்போரையும் தேடிச் செல்ல வேண்டும் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 529ஆம் பிரிவு எனக்குக் கட்டளையிடுகிறது. தேடிச் சென்றபின் வாசலில் நின்று ஆசீர் வழங்கிவிட்டுத் திரும்பிவிடு என்று சொல்லவில்லை. மற்றொருவர், நம் அருட்சகோதரிகள் நடத்தும் இல்லங்கள் இருக்க வீட்டில் வைத்து ஏன் துன்புற வேண்டும் என்கிறார். அந்த இல்லங்களின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் பையன் தன் வீட்டு வாசல் வேப்பமரத்தில் காக்கை வந்தால் சிரிக்கிறவன். அம்மாவின் காலடி ஓசையை அறிந்தவன். அவனை வேறிடத்திற்கு அனுப்புவது நமக்கு எளிது என்பதால் அவனுக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

வீட்டிலேயே பராமரிப்பு நடவாத காரியமும் அன்று. கேரளம் 2008இலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையை வகுத்தது. அதற்கு முன்பே அங்கு அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று, வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று புண் துடைத்தார்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறது. ஓரிக்கை வீட்டுக்கும் வந்தார்கள். நாங்கள் கேட்ட பிறகு வந்தார்கள். கேட்பதற்கு ஒரு வாய் வேண்டியிருந்தது.

தாயின் கேள்வி இன்னும் நிற்கிறது. அவருக்குப் பின் யார்? பதினெட்டு வயது கடந்த மகனுக்குத் தாய் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உடையோர்க்காக 1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. பெற்றோர் அல்லது உறவினர் மனுச் செய்ய வேண்டும். தாய் உயிரோடிருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. அவருக்குச் செய்யாற்றில் ஒரு தங்கை மகள் இருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண் இன்னும் ஒப்பவில்லை. அவரை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை.

எங்கள் பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறைக்காக அவற்றைப் புகழ்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது என்பதும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, 2025இல், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க நம் மாநிலம் சட்டம் இயற்றியது. நம் பங்குப் பேரவைகளில் அப்படி ஒரு நாற்காலி எங்கே இருக்கிறது? சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் எத்தனை ஆலயங்களில் உண்டு? கடந்த ஆண்டுத் திருவிழாக் கணக்கை எங்கள் பேரவையில் நானே வாசித்தேன். மின்விளக்கு அலங்காரத்துக்கு ஆன தொகையில் அந்தத் தாய்க்கு ஓராண்டு முழுவதும் பகல்நேரத் துணைக்கு ஆள் வைத்திருக்கலாம். இதைச் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். இவ்வாண்டு விளக்குகள் குறையும். முகங்கள் இன்னும் சுளிக்கட்டும்.

அட்டை சென்ற மாதம் அஞ்சலில் வந்தது. எண்பது விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்புள்ளோர்க்கான நீல நிற அட்டை. தாய் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார். உதவித்தொகைக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம். அதற்கு முந்திய ஞாயிறு காலை ஏழு மணிப் பூசைக்கு அவர் வருவதாக இருக்கிறார். அந்த இரண்டு மணி நேரம் மகனருகே அமர்ந்திருக்க எங்கள் இளைஞர் குழுவில் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவனைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையைச் சனிக்கிழமை மாலை அத்தாயே அவர்களுக்குக் கற்றுத் தருவார். எனக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.