அம்மாவின் கைநாட்டு

வங்கியில் என் மேசைமேல் ஒரு மைப்பெட்டி இருக்கிறது. நகைக்கடனுக்கு வரும் கிழவிகளின் கட்டைவிரலைப் பிடித்து உருட்டுவது என் வேலை. பலருக்கு ரேகையே விழாது. "நாத்துப் புடுங்கிப் புடுங்கி தேஞ்சிபோச்சு தம்பி" என்பார்கள். அம்மா ஞாபகம் வரும்.

பள்ளிக்கூடம் விட்டதும் வயலுக்குத்தான் ஓடுவேன். அட்டை கடித்த அவள் காலில் சுண்ணாம்பு தடவுவேன். அவள் என் சிலேட்டை வாங்கி, சேறு படாமல் புறங்கையால் தடவிப் பார்ப்பாள். அதுதான் எங்களுக்குள் இருந்த பேச்சு.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலி நெல் கூடுதலாகக் கேட்டதுதான் குற்றம். செத்ததில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. எரித்தபோது அம்மாவுக்கு எட்டு வயசு. அதைப் பற்றி அவள் பேசினதே இல்லை. ஆனால் களத்தில் கூலி அளக்கும்போது மரக்காலைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

நாம் கவிதையில் அம்மாவை மண் என்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த மண் யார் பேரில் இருக்கு தோழர்களே?

அப்பா செத்தபிறகு மூணு சென்ட் மனையை என் பேருக்கு மாற்ற அம்மாவைக் கூட்டிப்போனேன். அவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தக் காகிதத்துக்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பேர். ரேகை விழவில்லை. விரலை அழுத்திப் பிடித்தவன் நான். நாம் பேசும் விடுதலை இதுதானா?

பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பதும் நான்தான். நட்டவளிடம் அது கிடையாது. அதனால்தான் காதுத்தோட்டைக் கழற்றுகிறாள்.

வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்த கிருஷ்ணம்மாள் ஜெகநாதன் 1981இல் லாஃப்டியைத் தொடங்கினார். மிராசுதார்களிடம் விலைபேசி, வங்கிக்கடன் வாங்கி, நிலத்தைப் பெண்கள் பேரில் பதிந்தார். அது சர்வோதய வழி. பறித்த நிலத்துக்கு நாம் ஏன் விலை கொடுக்கணும் என்று அவரோடு சண்டை போடலாம். ஆனால் யார் பேரில் என்ற கேள்விக்கு அவர் பதில்தான் சரி.

போன மாசம் மனையை அம்மா பேருக்கே எழுதிவைத்தேன். "எனக்கெதுக்குடா?" என்றாள். இத்தனை காலம் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அடுத்த பஞ்சமி நில மனுவில் முதல் பெயராக அம்மா பெயரை எழுதுவோம். கவிதை அப்புறம்.