"உங்க வீட்டை எவன் தேடி வரப் போறான்?"

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய நேரத்தில் ரவுட்டரைப் பற்றி எழுத வைத்துவிட்டார்கள். எல்லாம் வயித்தெரிச்சல்தான்.

எங்க அப்பா ராஜபாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்கு முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டரில், டேலியில் இருக்கிறது. மாசா மாசம் ஜிஎஸ்டி கணக்கைச் சரிபார்ப்பது என் வேலை. ஆனால் நான் இருப்பதோ சென்னை ஹாஸ்டலில். "பையன் அங்கிருந்தே பார்க்க வழி இருக்கா?" என்று, வீட்டில் கேமரா மாட்ட வந்தவரிடம் அப்பா கேட்டிருக்கிறார். அவர் அஞ்சே நிமிஷத்தில் ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டு, "முடிஞ்சுது சார்" என்று கிளம்பிவிட்டார்.

லீவுக்குப் போனபோது விண்டோஸ் ஈவென்ட் வியூவரைப் பார்த்தேன். 4625 என்ற எண்ணோடு பக்கம் பக்கமாக வரிகள். எல்லாம் யாரோ தப்பான பாஸ்வேர்டு போட்டு நுழையப் பார்த்துத் தோற்ற கதைகள். ராத்திரி ரெண்டு மணிக்கும் தட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை பாஸ்வேர்டு சரியாக விழுந்திருந்தால்? பத்து வருஷக் கணக்கும், ஊரில் யார் யார் கடன் பாக்கி என்ற பட்டியலும் போயிருக்கும்.

அந்த அண்ணனுக்குப் போன் போட்டால், "தம்பி, உங்க வீட்டை எவன் தேடி வரப் போறான்?" என்கிறார். என் கிளாஸிலேயே நாலு பேர் இதையே சொல்கிறார்கள்.

ஐயா, யாரும் தேடி வர வேண்டாம்! மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட இசட்மேப் என்ற மென்பொருளால், ஒரே கம்ப்யூட்டரிலிருந்து உலகத்தின் ஐபிவி4 முகவரிகள் மொத்தத்தையும் முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்க்க முடியும். 2016-ல் வந்த மிராய் வைரஸ், 60-க்கும் மேற்பட்ட யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு வீட்டுக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. எல்லாம் கம்பெனியில் போட்டுக் கொடுத்து யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள். அவர்கள் தெரு தேடி வருவதில்லை. எல்லாக் கதவையும் தட்டுகிறார்கள், திறந்ததில் நுழைகிறார்கள்.

சரி, வழி என்ன? ரவுட்டரிலேயே விபிஎன். என் லேப்டாப் முதலில் ரவுட்டரிடம் சாவியைக் காட்டும். அது சரியாக இருந்தால்தான் உள்ளே விடும். அப்புறம் எங்க வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான்: கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாம் கிடைக்கும். ஓப்பன்விபிஎன் அல்லது வயர்கார்டு போடுங்கள். வயர்கார்டு 2020-ல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. சாவி இல்லாதவன் தட்டினால் பதிலே சொல்லாது, வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது. பிபிடிபி மட்டும் வேண்டாம், அதன் பூட்டை 2012-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். இன்னொன்று: ஹாஸ்டலும் வீடும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் முட்டிக்கொள்ளும். வீட்டு வரிசையை மாற்றிவிடுங்கள்.

"எங்க நெட்டில் இது ஓடாது" என்பார்கள். பாதி உண்மை. ரவுட்டரின் வான் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஆரம்பித்தால், கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து நேராக உங்கள் ரவுட்டருக்கு வர முடியாது. ஆனால் அப்போது போர்ட் திறப்பதும் பலிக்காதே! பொது ஐபி கேட்டு வாங்குங்கள். காசு கேட்டால் அதைப் பூட்டுச் செலவு என்று எழுதுங்கள்.

எங்க அப்பா ராத்திரி கடையை மூடியதும் ஷட்டர் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவர். அவர் கணக்கைத் தெருவில் வைத்தது அவர் தப்பில்லை. அண்ணன்மார்களே, பூட்டத் தெரியாவிட்டால் தயவுசெய்து திறக்காதீர்கள்.

டிஸ்கி: கேமரா நன்றாகவே தெரிகிறது. அதில் குறை ஒன்றுமில்லை :-)