மாணாக்கரும் செல்போனும்

பள்ளிக்கூடத்துக்கு மாணாக்கர் செல்போன் கொண்டு வரலாமா, கூடாதா என்னும் விவகாரம் இன்று பல தேசங்களில் நடைபெற்று வருகிறது. பிரான்ஸ் தேசத்தார் 2018-ஆம் வருஷத்திலேயே சட்டம் இயற்றி, ஆரம்பப் பள்ளிகளிலும் அதற்கடுத்த நடுத்தரப் பள்ளிகளிலும் அதன் உபயோகத்தைத் தடுத்தார்கள். ஹாலந்து தேசத்தார் 2024-ஆம் வருஷ ஆரம்பத்தில் உயர்தரப் பள்ளி வகுப்பறைகளினின்று அதை விலக்கினார்கள். பிரேஸில் தேசத்தில் 2025 ஜனவரியில் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் உத்தரவுகளுக்குக் குறைவில்லை. ஆயினும், நடைமுறையில் இவ்விஷயம் பெரும்பாலும் அந்தந்தத் தலைமையாசிரியரின் மனப்போக்குக்கே விடப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். மற்றோரிடத்தில் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இவ்விரண்டும் நெறியன்று என்பது நமது துணிபு.

முதலில் நமது கட்சியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பாடம் நடக்கும் வேளையில் மாணாக்கன் கையில் செல்போன் இருக்கலாகாது. இது அவன் ஒருவனுடைய நன்மையைக் கருதி மட்டும் சொல்வதன்று. நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் கவனம் என்பது பொதுச் சொத்து. ஒரு பையன் மேஜைக்கடியில் குனிந்து எதையோ பார்த்துச் சிரித்தால், பக்கத்திலிருக்கும் இருவர் எட்டிப் பார்க்கிறார்கள். பின்வரிசையார் என்னவென்று கேட்கிறார்கள். ஆசிரியர் பாடத்தை நிறுத்துகிறார். அறுந்த இழையை மறுபடி முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறது. தவிரவும், இக்கருவிக்குள் புகைப்படக் கருவி ஒன்றும் இருக்கிறது. உடன் பயிலும் பெண்ணையோ, கற்பிக்கும் ஆசிரியையையோ அறியாமற் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பும் இழிசெயலுக்கு இடங்கொடுக்கும் பள்ளி, பள்ளியாகாது.

இதனால் அதிகம் நஷ்டமடைகிறவர் யார் என்பதே முக்கியமான கேள்வி. இங்கிலாந்தில் நான்கு நகரங்களைச் சேர்ந்த 91 பள்ளிகளை ஆராய்ந்து, லண்டன் பொருளாதாரக் கலாசாலையின் ஆராய்ச்சி நிலையம் 2015-ஆம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. செல்போனைத் தடுத்த பள்ளிகளில் பரீட்சைத் தேர்ச்சி உயர்ந்ததென்றும், அந்த நன்மை முக்கியமாகப் படிப்பில் பின்தங்கிய மாணாக்கரையே சார்ந்ததென்றும், முன்வரிசையிலிருந்தவர்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்றும் அதில் கண்டிருந்தது. இதன் தாத்பரியம் நமக்குப் புரியாததன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பில் இழந்ததை மாலையில் டியூஷனில் பெற்றுக்கொள்கிறான். ஏழைப் பிள்ளைக்கோ பள்ளியில் கழியும் அந்தச் சில மணி நேரமே முழு மூலதனம். அது பறிபோனால் ஈடுசெய்வார் எவருமில்லை.

ஆனால், தடை ஒன்றே சர்வரோக நிவாரணி என்பாரோடு நாம் சேரோம். பர்மிங்காம் சர்வகலாசாலையார் 2025-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தடையுள்ள பள்ளி மாணாக்கருக்கும் தடையில்லாத பள்ளி மாணாக்கருக்கும் மனநலத்தில் வித்தியாசம் காணப்படவில்லை. பள்ளியின் தடை இரவு பதினொரு மணிக்குப் படுக்கைக்குள் வரமாட்டாது. அங்கே காவல் செய்ய வேண்டியவர் பெற்றோரேயாவர்.

இன்னொரு நியாயத்தையும் மறைக்கலாகாது. 2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைக்கு செல்போன் இல்லையேல் படிப்பில்லை என்று சொன்னவர்கள் யார்? பள்ளி நிர்வாகிகளும் கல்வி இலாகாவினருமே அல்லவா? அன்று காதுத் தோட்டை அடகு வைத்து அதை வாங்கிக் கொடுத்த தாய்மார் எத்தனை பேர்! வாங்கிய கருவி வீட்டில் தங்கிவிட்டது. 2025 ஜனவரியில் வெளியான ‘அசர்’ என்னும் கிராமக் கல்வி நிலை அறிக்கையின்படி, 14 முதல் 16 வயதுள்ள கிராமப் பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனை உபயோகிக்கத் தெரிந்திருக்கிறது. அவர்களில் அதற்கு முந்திய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர் நூற்றுக்கு 57 பேர். சமூக ஊடகங்களுக்காகத் தொட்டவர் 76 பேர். பழக்கிவிட்டவர்களே இன்று பிள்ளைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அழகன்று.

சென்ற ஆண்டு ஓர் அம்மாள் நம்மிடம் சட்ட யோசனை கேட்க வந்தார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர். குடும்பத்துக்கு இருப்பது ஒரே செல்போன். அதுவும் தவணைக்கு வாங்கியது. வீட்டுப் பாடம் வாட்ஸப்பில் வந்திருக்கிறதென்று ஒன்பதாம் வகுப்பு மகன் அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றிருக்கிறான். வகுப்பில் மணி அடித்தது. பிடுங்கிக்கொண்டவர்கள், வருஷப் பரீட்சை முடிந்தபின் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். பத்து வாரம் ஆயிற்று. தவணை நின்றபாடில்லை; கூப்பிட்டால் கிடைப்பதில்லையென்று இரண்டு வீட்டார் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். “அவனைக் கண்டிக்கட்டும், ஐயா. போனை வைத்துக்கொண்டால் நான் எப்படிப் பிழைப்பேன்?” என்று கேட்டார். வழக்கு வேண்டாமென்று சொல்லி, தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். போன் திரும்பி வந்தது. போன வேலை திரும்பவில்லை.

குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை அனுபவிப்பவர் மற்றொருவர் என்பது எந்தத் தர்மத்துக்கும் ஒவ்வாது. டில்லி ஹைகோர்ட்டு 2025-ஆம் வருஷத்தில் இவ்விஷயமாக வழிமுறைகளை வகுத்தபோது, பள்ளிக்குக் கொண்டு வருவதை அடியோடு தடுப்பது உசிதமன்று என்றும், வகுப்பறையில் உபயோகிப்பதைத் தடுக்கலாமென்றும், வசதியுள்ள இடங்களில் காலையில் ஒப்படைத்து மாலையில் திரும்பப் பெறச் செய்யலாமென்றும் கூறியது. விதி மீறினால் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கி வைக்கலாமென்பதற்கும் அது இடமளித்திருக்கிறது. ‘குறிப்பிட்ட காலம்’ என்னும் சொற்களைத் தலைமையாசிரியர்கள் கவனிப்பார்களாக.

ஆகவே நாம் வேண்டுவது இது. ஒவ்வொரு பள்ளியிலும் பூட்டுள்ள பெட்டி ஒன்று இருக்க வேண்டும். காலையில் வில்லை கொடுத்து வாங்கி, கடைசி மணிக்குத் திருப்பித் தர வேண்டும். விதி மீறினால் எத்தனை நாள் என்பதை வருஷ ஆரம்பத்திலேயே பெற்றோருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவசரச் செய்திக்குப் பள்ளி அலுவலகத் தொலைபேசி திறந்திருக்க வேண்டும். வீட்டுப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும்; வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுச் செல்போன் கூடாதென்பது முன்னுக்குப் பின் முரண்.

கடைசியாக ஒன்று. இவ்விதி ஆசிரியருக்கும் பொருந்த வேண்டும். வருகைப் பதிவு முதலிய சர்க்கார் காரியங்களுக்காக ஆசிரியர் கையில் செல்போனைத் திணித்திருப்பது இலாகாவேயாகும். அவ்வேலையைப் பாடவேளைக்கு வெளியே ஒழுங்குபடுத்துவதும் இலாகாவின் கடமை. ஆசிரியர் தம் கருவியை அலுவலகத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைவதைப் பிள்ளைகள் நாள்தோறும் காண்பார்களாயின், அவர்களைச் சோதனையிட வேண்டிய அவசியமே பெரும்பாலும் நேராது என்று நம்புகிறோம்.