புகையைப் படம்பிடிப்போர்

வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை பூட்டும் காட்சி கமராவுக்கு நல்ல விருந்து. வட்டமாய் மூட்டிய தீ, கனலும் இரும்பு, தண்ணீர் பட்டதும் எழும் வெண்புகை! அழிந்துவரும் கைவினைகளைக் காட்டும் விவரணப் படங்கள் இதனை எளிதில் விடுவதில்லை. பின்னணியிற் குழலோசை எழும். முன்னோர் திறமையை வியக்கும் குரலொன்று ஒலிக்கும். பார்த்தோர் பெருமூச்செறிந்து கலைந்து செல்வர்.

ஆனால், அத்தொழிலின் உயிர் புகையில் இல்லை, அளவில் இருக்கின்றது. பட்டையின் உட்சுற்றளவு மரச் சில்லின் வெளிச்சுற்றளவிலும் சற்றுக் குறைந்திருத்தல் வேண்டும். சூட்டில் விரிந்து ஏறிய இரும்பு, குளிர்ந்து சுருங்கும்போதே வட்டைகளையும் ஆரக்கால்களையும் குடத்தோடு இறுக்கிப் பிணைக்கின்றது. குறைவு போதாவிடின் பட்டை கழன்றுவிடும். மிகுந்துவிடின் சில்லே கோணிவிடும். அந்தச் 'சற்று' எவ்வளவு? கொல்லனுக்குத் தெரியும். அவனைக் கேட்பார்தாம் இல்லை.

இங்கிலாந்தின் பார்னம் நகரில் 1884இல் தந்தையின் சில்லுப் பட்டறையைப் பொறுப்பேற்றவர் ஜோர்ஜ் ஸ்டேர்ட். 1923இல் அவர் வெளியிட்ட நூல், குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ் என மரந்தேர்வதிலிருந்து தொழிலை விளக்குகின்றது. பட்டறையைக் காப்பாற்றவெனத் தாமே புகுத்திய இயந்திரம் தொழிலாளரின் வேலையிலிருந்த நிறைவைப் பறித்ததையும் அவர் மறைக்கவில்லை. கமராவின்றியே அவர் செய்ததைக் கமராவோடு செல்வோர் ஏன் செய்வதில்லை?

காரணம் புதியதன்று. தேயிலை விளம்பரத்தின் பொருட்டு நம் நாட்டிற் பேசில் றைற் எடுத்த 'சோங் ஒவ் சிலோன்' 1934இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதன் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயின், அங்கே உழைப்போர் அசையும் உருவங்களே. விளக்கவுரையாய் ஒலிப்பது 1681இல் றொபேட் நொக்ஸ் வெளியிட்ட நூலின் வாசகம். உழைப்பவனின் உடலைக் காட்டி, அவன் நாவை அடைத்துவிடும் இம்மரபே இன்றும் தொடர்கின்றது.

"தொழில் அழிகின்றதே!" என்று கண்ணீர் வடிக்கும் கனவான்களிடம் ஒன்று கேட்போம். கொல்லன் மகன் கொல்லனாகவே இருக்கவேண்டும் என்பதா உங்கள் விருப்பம்? நம் சமூகத்தில் தச்சும் கொல்லும் பிறப்போடு பூட்டப்பட்டிருந்தன. அப்பூட்டை உடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் சென்ற பிள்ளையைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. காக்கப்படவேண்டியது அறிவு, அடிமைத்தளை அன்று.

இங்கேதான் விவரணப் படம் பெரும்பணி ஆற்றமுடியும். ஒரு குலத்துள் அடங்கியிருந்த அறிவை, விரும்பிய எவரும் கற்கத்தக்க பொதுச்சொத்தாக அது மாற்றமுடியும். அதற்கு மரந்தேர்வு முதற்கொண்டு ஒவ்வொரு படியும், ஒவ்வோர் அளவும், நேரும் பிழையும் அதன் திருத்தமும் பதிவாகவேண்டும். குடம், வட்டை முதலிய சொற்கள் தொழிலாளியின் வாயிலிருந்தே வரவேண்டும். ஒரு சில்லுக்கு எத்தனை நாள் உழைப்பு, என்ன கூலி என்பதும் படத்திலே சொல்லப்படவேண்டும். படப்பிடிப்பு நாள்களுக்கு அவனுக்கு ஊதியம் வேண்டும். படத்தின் பிரதி அவன் கையிலும் தொழிற்கல்விக் கூடங்களிலும் இருக்கவேண்டும்.

இவையின்றி எடுக்கப்படும் படம், சாகுமுன்பே எழுதிவைக்கும் மரண அறிவித்தல். நமக்கு வேண்டுவது, அதனைப் பார்த்து நாளை ஒருவன் சில்லொன்று செய்யக்கூடிய படம்.