மீனங்காடியும் விருந்தினரும்

பிறநாடு காணச் செல்வோர் அரண்மனையையும் ஆலயத்தையும் கண்டமட்டில் அமைவதில்லை. அந்நாட்டு மக்கள் விற்பதும் வாங்குவதும் உண்பதும் எவ்வாறென அறியவும் விழைகின்றனர். அவ்விழைவு நன்றே. ஆயினும், உழைப்போர் நடுவே காட்சி காணப் புகுவோர்க்குரிய முறைமை யாது என்பது ஆராயத்தக்கது. தோக்கியோ மாநகரின் மீனங்காடி இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1923-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தில் அந்நகரின் பழைய மீனங்காடி அழிந்தது. 1935-இல் சுகிஜி என்னுமிடத்திற் புதிய அங்காடி திறக்கப்பெற்றது. அங்கே பொழுது புலருமுன் பெரிய சூரை மீன்களைத் தரையில் வரிசையாகக் கிடத்துவர். வணிகர் கைவிளக்கேந்தி, வாலருகே அறுத்த தசையின் நிறத்தையும் கொழுப்பையும் நோக்கி மதிப்பிடுவர். ஏலம் தொடங்கியதும் விரற்குறியாலேயே விலை கேட்பர். ஒரு மீன் விலைபோகச் சில நொடிகளே செல்லும்.

இத்தகைய இடத்தில் விருந்தினர் செய்ததென்ன? சிலர் மீனைத் தொட்டனர். சிலர் ஏலத்தின் நடுவே ஒளிவீசிப் படம் பிடித்தனர். அதனால், 2008-ஆம் ஆண்டின் இறுதியிற் சில வாரங்கள் ஏலக்களத்திற் பார்வையாளர் புகுதல் தடுக்கப்பட்டது. பின்னர் நாளொன்றுக்கு 120 பேரென வரையறுத்தனர். 2018 அக்டோபரில் மொத்த வாணிகம் தோயோசுவுக்கு மாறிற்று. ஆண்டுப் பார்வையாளர் பெரும்பாலும் கண்ணாடிக்கு இப்பால் நின்றே காண்கின்றனர். குலுக்கலில் தேர்ந்தோர் மட்டும் சற்று அருகே நிற்கலாம்.

மணமும் ஓசையும் இன்றிக் கண்ணாடி வழியே காண்பதும் ஒரு காட்சியோ என வருந்துவாருளர். அவ்விழப்பை நாம் மறுக்கின்றிலம். ஆயினும் அங்காடி காட்சிக்கென அமைந்ததன்று. விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் ஆங்கு உரிமையுண்டு, காண்போர்க்குள்ளது சலுகையே. நம் வகுப்பறையில் அயலார் புகுந்து, ஆசிரியர் உரைக்கும் நடுவே படம் பிடிப்பின் நாம் பொறுப்போமா? நாம் இழப்பது ஒரு பாடமே. வணிகர் இழப்பதோ பெரும்பொருள். 2019 சனவரியில் தோயோசுவின் முதற் புத்தாண்டு ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒரு சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு விலைபோயிற்று. நாள்தோறும் அவ்வளவு விலை இல்லையெனினும், விரலசைவில் ஒருவரது அன்றைய ஊதியம் அடங்கியிருத்தல் எந்நாளும் உண்மையே. அதனைக் காணவேண்டிய கண்ணை நமது ஒளி கூசச்செய்தல் அறமாகாது.

இனி, விருந்தினரை முற்றும் விலக்குதலும் வேண்டுவதன்று. சுகிஜியின் வெளியங்காடி இன்றும் உள்ளது. அச்சிறு கடைகளில் நின்று, வாங்கி, உண்டு, கடைக்காரரோடு இரண்டொரு சொல் பேசலாம். ஆங்கு விருந்தினரும் வாங்குவோரே. ஆதலின் அவர்க்கும் உரிமையுண்டு. மணத்தையும் ஓசையையும் விழைவோர் அங்குச் செல்க. ஏலத்தைக் காண விழைவோர் தமக்கு வகுத்த இடத்தில் அமைதியாக நிற்க. பிறர் உழைப்பைக் கண்டு மகிழ்வதற்கு நாம் கொடுக்கும் விலை அதுவொன்றே, அஃது அதிகமன்று.